அச்சில் ஏறிய காலம் – 17: எதிர்வரிசையில் ஒரு துக்ளக்

1969 ஜூலை 19 அன்று பதினான்கு தனியார் வங்கிகளை இந்திரா காந்தியின் அரசு நாட்டுடைமை ஆக்கியது. அவற்றில் இரண்டு வங்கிகள் நம் செட்டிநாட்டுச் சீமையின் பணத்தில் முளைத்தவை. 1907இல் சென்னையில் தொடங்கிய இந்தியன் வங்கிக்குப் பின்னால் நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் முதலீடு இருந்தது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை 1937 பிப்ரவரி 10 அன்று எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நாளில் திறந்தார். புதுக்கோட்டை மாவட்டத்துப் பொன்னமராவதிக்கு அக்கம்பக்கத்து ஊர்களான மேலைச்சிவபுரி, வலையபட்டி, குழிபிறை, நெற்குப்பையில் அந்த நாட்டுடைமைச் செய்தி எப்படிக் கேட்கப்பட்டிருக்கும் என்பதைப் புரிந்துகொள்ள பர்மாவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1930களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தின் கால்பங்கு செட்டியார்களின் பெயரில் இருந்தது. கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்த நிலம் அது. பர்மிய உழவர்களின் கண்ணீரும் அதில் உண்டு. 1942இல் ஜப்பான் படை வந்தது. 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை அரசுடைமை ஆக்கச் சட்டம் இயற்றியது. 1962இல் நே வின் ராணுவ ஆட்சி அமைத்தார். அடுத்த ஈராண்டுகளுக்குள் வங்கியும் கடையும் போயின. கணக்குப் பேரேடுகளோடு மட்டும் கப்பலேறி வந்தவர்கள் இந்தப் பக்கத்து வீடுகளில் இருந்தார்கள். அப்படிப்பட்டவர்களின் காதில் ‘நாட்டுடைமை’ என்ற சொல் முன்னேற்றமாக ஒலித்திருக்க முடியாது. தமிழ்நாட்டில் வலதுசாரிக் கருத்துள்ள ஒரு பத்திரிகைக்கு வாசகர் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்பவர்கள் மயிலாப்பூர் மாடவீதியோடு நின்றுவிடுகிறார்கள். இந்த வறண்ட கண்மாய்ப் பிரதேசத்தின் பெரிய வீட்டு முகப்புகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வங்கிகள் கைமாறி ஆறு மாதம்கூட முடியாத நிலையில், 1970 ஜனவரி 14, பொங்கல் நாளில், ‘துக்ளக்’ முதல் இதழ் வந்தது.

சென்ற பகுதியில் ‘பொன்னி’யைப் பார்த்தோம். புதுக்கோட்டை இன்னும் தொண்டைமான் சமஸ்தானமாக இருந்த 1947இல், முருகு சுப்பிரமணியன் நடத்திய அந்த இதழ் பாரதிதாசன் வழிவந்த கவிஞர்களுக்கு மேடை போட்டுக் கொடுத்தது. திராவிட இயக்கத்தின் எழுச்சி முழுவதும் இப்படிப்பட்ட இதழ்களின் தோளில் ஏறி வந்தது. 1967இல் அந்த எழுச்சி கோட்டைக்குள் நுழைந்தது. எதிர்த்துப் பேசியவர்கள் ஆளத் தொடங்கிய பிறகு, எதிர்த்துப் பேசும் இடம் காலியாகிவிட்டது. அந்தக் காலி இடத்தில்தான் துக்ளக் வந்து உட்கார்ந்தது.

அதற்கு முன்னோடி ஒன்று உண்டு: ராஜாஜியின் ‘ஸ்வராஜ்யா’. 1956 ஜூலையில் காசா சுப்பாராவை ஆசிரியராகக் கொண்டு சென்னையில் பிறந்த ஆங்கில வார இதழ். கல்கி சதாசிவம் அதற்குத் துணை நின்றார். கூட்டுறவுப் பண்ணை விவசாயத்தை ஆதரித்து 1959 ஜனவரியில் காங்கிரஸ் நாக்பூரில் தீர்மானம் போட்டபோது ராஜாஜி அதைக் கடுமையாக எதிர்த்தார். அதே ஆண்டில் சுதந்திராக் கட்சி பிறந்தது. லைசென்ஸ்–பர்மிட் ஆட்சி என்று அவர் சாடியது அரசியல் அகராதியிலேயே ஏறிவிட்டது. வாராவாரம் அவர் ஸ்வராஜ்யாவில் எழுதியவற்றை இன்று படித்தாலும் வாக்கியத்தின் கட்டு வியக்க வைக்கிறது. ஆனால் அது ஆங்கிலம். ஆங்கிலம் படித்த வக்கீல் வீட்டுத் திண்ணைக்கு வந்த இதழ், கடைத்தெருவுக்கு வரவில்லை. பொருளாதாரத்தில் அரசின் தலையீட்டை மறுப்பது, மரபில் பற்று, கட்சி அதிகாரத்தின் மீது ஐயம் ஆகிய மூன்றையும் கடைத்தெருவின் தமிழில் பேச ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நாடக மேடையிலிருந்து வந்தார்.

சோ ராமசாமி 1934 அக்டோபர் 5 அன்று சென்னையில் பிறந்தவர். சட்டம் படித்து உயர்நீதிமன்றத்தில் வாதாடியவர், டி.டி.கே. நிறுவனத்துக்குச் சட்ட ஆலோசகர். விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் குழுவில் நாடகம் எழுதி நடித்தார். ‘தேன்மொழியாள்’ நாடகத்தில் ஏற்ற பாத்திரத்தின் பெயரே அவர் பெயராக ஒட்டிக்கொண்டது. 1968இல் அரங்கேறிய ‘முகமது பின் துக்ளக்’ அவரை அரசியல் விமர்சகராக்கியது. பதினான்காம் நூற்றாண்டுச் சுல்தான் இருபதாம் நூற்றாண்டில் எழுந்து வந்து பிரதமர் ஆகிறார் என்பதுதான் கதை. பதவிக்காகக் கட்சி தாவுவதும், மொழிப் பிரச்சினைக்கு விசித்திரத் தீர்வு சொல்வதும் மேடையில் நடக்க, சபாக்கள் சிரித்து ஓய்ந்தன. 1971இல் அது படமாகவும் வந்தது.

நாடகத்தின் பெயரையே பத்திரிகைக்கும் வைத்தார். ஆனந்த விகடன் எஸ். பாலசுப்ரமணியன் துணை நிற்க, மாதம் இருமுறை இதழாகத் தொடங்கியது. முதல் இதழின் அட்டையில் இரண்டு கழுதைகள் பேசிக்கொண்டிருந்தன. தன் பத்திரிகையைத் தானே கேலி செய்துகொண்டு ஒருவர் கடை திறக்கிறார் என்பதைத் தமிழ் வாசகர் அதற்கு முன் அதிகம் பார்த்ததில்லை. அன்றைய அரசியல் ஏடுகள் முழங்கின. அலங்காரத் தமிழில் அறைகூவின. துக்ளக் சாதாரணப் பேச்சில், வக்கீல் குறுக்கு விசாரணை செய்வதுபோலக் கேள்வி கேட்டது. நேற்று இப்படிச் சொன்னீர்கள், இன்று இப்படிச் சொல்கிறீர்கள், இரண்டில் எது சரி என்று கேட்பதுதான் அதன் முறை. அரசியல்வாதியின் பழைய பேச்சைத் தேதியோடு எடுத்து வைக்கும் பழக்கம் தமிழ் இதழியலில் வேரூன்றியதற்கு அந்த இதழுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஓராண்டு முடிந்த கையோடு சேலம் வந்தது. 1971 ஜனவரியில் பெரியார் தலைமையில் அங்கே மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடந்தது. ஊர்வலத்தில் இந்துக் கடவுளர் படங்கள் கொண்டுசெல்லப்பட்டன. ராமர் படம் செருப்பால் அடிக்கப்பட்டது. துக்ளக் இதைப் படங்களோடு வெளியிட்டது. மு. கருணாநிதியின் அரசு அந்த இதழைப் பறிமுதல் செய்தது. கிடைத்த பிரதிகள் பல மடங்கு விலைக்குக் கைமாறின. தடையே விளம்பரம் ஆயிற்று. ஊர்வலத்தில் நடந்தது என்ன, எந்த வரிசையில் நடந்தது என்பதில் இன்றுவரை வழக்கு ஓயவில்லை. கறுப்புக்கொடி காட்டியவர்கள் பெரியாரை நோக்கி எறிந்த செருப்புதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்பது திராவிடர் கழகத்தாரின் தரப்பு. 2020 ஜனவரி 14 அன்று சென்னையில் நடந்த துக்ளக் பொன்விழாவில் ரஜினிகாந்த் இதைப் பேசப்போய், ஐம்பதாண்டுச் சண்டை மறுபடி பற்றிக்கொண்டது. இந்தத் தொடரை எழுதுகிற எனக்கு இதில் முதன்மையானது வேறொன்று. ஓர் அரசுக்குப் பிடிக்காத செய்தி என்பதற்காக இதழைப் பறித்தது தவறு. அந்தச் செய்தியை வெளியிட்டவர்கள் யார், அவர்கள் நம் பக்கமா என்று பார்த்து இந்தத் தீர்ப்பை மாற்றக் கூடாது. பொன்னியின் கவிஞர்களை நேசிக்கிற நானும் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அந்த மார்ச் மாதத் தேர்தலில் காமராஜரும் ராஜாஜியும் கைகோத்து நின்றார்கள். துக்ளக் அவர்கள் பக்கம் இருந்தது. தி.மு.க. 184 இடங்களில் வென்றது. சிரிக்க வைத்த பத்திரிகை பரபரப்பாக விற்றது, வாக்குப்பெட்டியில் அது எதையும் மாற்றவில்லை. பத்திரிகை வாசிப்பவர்களின் கூட்டத்தை ஊரே என்று எண்ணிவிடும் மயக்கம் எல்லா ஆசிரியர்களுக்கும் வருவது. சோவுக்கு அது முதலிலேயே தெளிந்துவிட்டது.

1975 ஜூன் 25 நள்ளிரவு நெருக்கடி நிலை வந்தது. தணிக்கை வந்தது. என் பார்வையில் துக்ளக்கின் ஐம்பதாண்டில் இதுவே உச்சம். கறுப்பு அட்டையோடு அந்த இதழ் வந்ததை அக்கால வாசகர்கள் இன்றும் சொல்கிறார்கள். நேராகச் சொல்ல முடியாததைச் சுற்றிச் சொல்ல வழி தேடினார் சோ. 1951இல் வந்த எம்.ஜி.ஆர். படமான ‘சர்வாதிகாரி’க்கு அப்போது போய் விமர்சனம் எழுதினார். தணிக்கை அதிகாரி பழைய சினிமா என்று விட்டிருப்பார். வாசகருக்கு யாரைப் பற்றிய விமர்சனம் என்று புரிந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நெருக்கடி நிலையை எதிர்த்த காரணத்தாலும் சேர்ந்து தி.மு.க. அரசு 1976 ஜனவரி 31 அன்று கலைக்கப்பட்டது. அதன் தலைவர்களும் தொண்டர்களும் மிசா சட்டத்தில் சிறை சென்றார்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் பறித்தவரும் பறிகொடுத்தவரும் ஒரே தணிக்கைக்குக் கீழே வந்து சேர்ந்தார்கள். ஆளும் கட்சி யாராக இருந்தாலும் கேள்வி கேட்பேன் என்ற வாக்கைத் துக்ளக் அந்த ஆண்டுகளில் முழுமையாகக் காப்பாற்றியது. பின்னாளில் சோ மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் தமிழ்நாட்டுத் தலைவராகவும் இருந்தார் என்பதை அவரை வெறும் பழமைவாதி என்று ஒதுக்குபவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

துக்ளக்கை அரசியலுக்காக வாங்கியவர்கள் பலர் கண்டுகொள்ளாமல் புரட்டிப் போன பக்கங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. அதன் கலைப் பக்கங்கள் அவை.

1958இல் காரைக்குடி அழகப்பா கல்லூரிக்கு எம்.ஜி.ஆர். வந்தார். இளையான்குடிக்காரரான ஒரு மாணவர், தமிழ் சினிமா எவ்வளவு செயற்கையாக இருக்கிறது என்று அவர் முன்பாகவே மேடையில் பேசினார். எம்.ஜி.ஆர். கோபிக்கவில்லை, பாராட்டினார். அந்த மாணவர்தான் பிறகு இயக்குநர் மகேந்திரன். சென்னைக்குப் போன அவர் சி.பி. சிற்றரசுவின் ‘இனமுழக்கம்’ என்ற திராவிட இயக்க ஏட்டில் பணியாற்றினார். பின்பு துக்ளக்குக்கு வந்தார். அங்கே ‘போஸ்ட் மார்ட்டம்’ என்ற தலைப்பில் திரைப்படங்களை அறுத்துப் பார்த்து எழுதினார்கள்; விமர்சிக்கப்பட்ட இயக்குநரின் பதிலும் கூடவே அச்சாகும். இந்த ஏற்பாட்டை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது. தாக்கப்பட்டவருக்கு அதே பக்கத்தில் இடம் கொடுப்பது எளிய காரியம் அல்ல. காரைக்குடி மேடையில் கேட்ட கேள்வியைத் துக்ளக்கில் பல படங்களிடம் கேட்டுப் பழகிய அந்தக் கைதான் 1978இல் ‘முள்ளும் மலரும்’ எடுத்தது. இனமுழக்கத்திலிருந்து ஒருவர் துக்ளக்குக்கு வந்து வேலை செய்ய முடிந்தது என்பதும் அந்தக் காலத்தைப் பற்றி நமக்குச் சொல்கிறது. கட்சி ஏடுகளுக்கு நடுவே இருந்த சுவர் இன்று இருப்பதைவிடத் தாழ்வாக இருந்தது.

வண்ணநிலவன் வந்தார். ‘கடல்புரத்தில்’ நாவலை எழுதிய அதே வண்ணநிலவன்தான். தாமிரபரணிக்கரையின் அந்த மென்மையான எழுத்தாளர் துக்ளக்கில் ‘துர்வாசர்’ என்ற பெயரில் எழுதியபோது கோபக்காரரானார். சினிமா, இலக்கியம் இரண்டிலும் அவர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகத் தீர்ப்புச் சொன்னார். ஒரு வெகுஜன அரசியல் இதழ் இலக்கியத் தரம் குறித்த சண்டைக்குப் பக்கம் ஒதுக்கியது. சிற்றிதழ் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு அந்தச் சண்டையின் சத்தம் துக்ளக் வழியாகத்தான் வந்தது. பொன்னமராவதி போன்ற ஊரில் சிற்றிதழ் வாசிக்க வேண்டுமானால் சந்தா கட்டித் தபாலுக்குக் காத்திருக்க வேண்டும். துக்ளக் முடிதிருத்தகத்திலேயே கிடந்தது.

இதன் மறுபக்கம் சோவின் சமய எழுத்து. ‘மகாபாரதம் பேசுகிறது’, ‘வால்மீகி ராமாயணம்’, ‘ஹிந்து மஹா சமுத்திரம்’ என்று அவர் எழுதிக் குவித்தார். ‘எங்கே பிராமணன்’ 2009இல் ஜெயா டி.வி.யில் தொடராக வந்தது. பிராமணன் என்பது பிறப்பால் வருவதா, ஒழுக்கத்தால் வருவதா என்ற அதன் கேள்வி மதிக்கத்தக்கது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டவரே மண்டல் குழுவின் இடஒதுக்கீட்டை எதிர்த்தபோது, பிறப்பின் காரணமாகவே கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து அதைப் பார்க்கவில்லை. பெண்கள் பொதுவாழ்வுக்கு வருவது குறித்து அவர் சொன்னவற்றிலும் எனக்கு உடன்பாடில்லை. மரபைக் காப்பவர் அதன் காயங்களையும் காட்ட வேண்டும். துக்ளக் அதைச் செய்யத் தவறியது.

ஈழம் இன்னொன்று. 1980களில் தமிழ்நாடே விடுதலைப் புலிகளை வீரர்களாகக் கொண்டாடிய நாளில் துக்ளக் அவர்களைத் தொடர்ந்து எதிர்த்தது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு எதிர்ப்பது எளிது. அதற்கு முன் எதிர்க்கத் துணிவு வேண்டும். அந்தத் துணிவை மறுக்க முடியாது. ஆனால் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் லேணாவிளக்கு அகதிகள் முகாம் இருக்கிறது; தோப்புக்கொல்லையில் முகாம் இருக்கிறது. கடல் தாண்டி வந்த குடும்பங்கள் அங்கே ஒரு தலைமுறையையே வளர்த்து எடுத்துவிட்டன. துக்ளக்கைப் படித்து வந்தபோது புலிகளைப் பற்றிக் கிடைத்த அளவுக்கு இந்தக் குடும்பங்களைப் பற்றி எனக்குக் கிடைக்கவில்லை.

இப்படிப்பட்ட நையாண்டி இதழ்கள் எங்கே போய்ச் சேர்கின்றன என்று பார்க்க இத்தாலிக்கு ஒரு நடை போய் வருவது நல்லது. 1950இல் மிலானில் லியோ லாங்கனேசி ‘இல் போர்கேசே’ என்ற இதழைத் தொடங்கினார். அவரும் நையாண்டிக்காரர், ஓவியம் தெரிந்தவர், பழைய நடுத்தர வர்க்க வாழ்வின் மீது பற்றுள்ளவர். முசோலினி காலத்தில் அவர் நடத்திய ‘ஓம்னிபுஸ்’ இதழை 1939இல் அந்த அரசே மூடியது. அதற்கு முன் அந்த ஆட்சிக்குச் சேவகம் செய்தவரும் அவர்தான். போருக்குப் பின் ஆண்ட கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியையும் இடதுசாரிகளையும் ஒருசேரக் கிண்டல் செய்தது அவருடைய இதழ். 1957இல் அவர் இறந்தார். பிறகு மாரியோ டெடெஸ்கி கையில் அந்த இதழ் புதிய பாசிசக் கட்சிக்கு நெருக்கமானது. 1970களில் டெடெஸ்கி அந்தக் கட்சியின் செனட்டராகவே ஆனார். யாருக்கும் கட்டுப்படாமல் சிரித்த இதழ் ஒரு கட்சியின் குரலாகியது. 1993இல் டெடெஸ்கியின் மறைவோடு அந்தக் காலமும் முடிந்தது. பிறகு புதுப்பிக்க முயன்றவர்கள் உண்டு. லாங்கனேசியின் இடம் திரும்பவில்லை.

துக்ளக்கின் கதையில் ஒரு வேறுபாடு இருக்கிறது: அதிகாரத்தின் பக்கம் நகர்வதைத் தொடங்கியவர் நிறுவனரே. 1996 தேர்தலில் தி.மு.க., மூப்பனாரின் தமிழ் மாநில காங்கிரஸ், ரஜினியின் ஆதரவு ஆகியவற்றை ஒன்று சேர்த்து ஜெயலலிதாவுக்கு எதிராக நிறுத்தியதில் சோவுக்குப் பங்கு உண்டு. இருபத்தைந்து ஆண்டு எதிர்த்த கட்சியோடு அவர் கைகுலுக்கினார். ஊழலே அப்போது அவருக்கு முதல் எதிரி. 1999இல் வாஜ்பாய் காலத்தில் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். பிறகு ஜெயலலிதாவின் ஆலோசகராகவே பேசப்பட்டார். 2008 ஜனவரி 14 துக்ளக் ஆண்டு விழாவுக்கு அன்றைய குஜராத் முதல்வர் நரேந்திர மோடி வந்தார். எழுபதுகளில் எந்தக் கூட்டணியையும் அமைக்க முடியாதிருந்த பத்திரிகையாசிரியர் இப்போது கூட்டணிகளுக்குத் தரகர். அவருடைய செல்வாக்கு வளர்ந்ததை நண்பர்கள் பெருமையாகச் சொன்னார்கள். ஓர் இதழை வாசிப்பவனாக நான் சொல்வேன்: செல்வாக்கு ஏற ஏற அட்டைப்பட நையாண்டியில் பழைய கூர்மை குறைந்தது. விருந்துக்குப் போகும் வீட்டைக் கேலி செய்வது யாருக்கும் கடினம்.

ஆனாலும் ஆண்டு விழாவின் வடிவத்தை அவர் கடைசிவரை மாற்றவில்லை. பொங்கலன்று மாலை வாசகர்கள் கூடுவார்கள். முதலில் அவர்கள் கேட்பார்கள், கோபமாகவும் கேட்பார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் பதில் சொல்வார். தமிழ்நாட்டில் எந்தக் கட்சித் தலைவராவது தொண்டர் முன் இப்படி நின்றதுண்டா? வெளியூர்களிலிருந்து பேருந்தும் ரயிலும் ஏறி அந்த ஒரு மாலைக்காகச் சென்னை போனவர்கள் இருந்தார்கள். இதழின் கேள்வி–பதில் பகுதியும் அதே உறவின் அச்சு வடிவம்தான். ஊர்ப்பெயரோடு கேள்வி அச்சில் வந்துவிட்டால் அது அந்தத் தெருவுக்கே செய்தி.

2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா மறைந்தார். இரண்டு நாள் கழித்து, 7ஆம் தேதி, சோ போனார். 2017இல் அவருக்கு மறைவுக்குப் பிந்தைய பத்ம பூஷண் அறிவிக்கப்பட்டது. ஆசிரியர் பொறுப்பு கணக்குத் தணிக்கையாளரும் சுதேசிப் பொருளாதாரம் பேசுபவருமான எஸ். குருமூர்த்திக்கு வந்தது. 2018இல் அவர் ரிசர்வ் வங்கியின் இயக்குநர் குழுவில் நியமிக்கப்பட்டார். இதழ் நிற்கவில்லை. ஆனால் 1970இல் மாநிலத்தில் தி.மு.க., மத்தியில் இந்திரா என்று இரு ஆட்சிகளையும் எதிர்த்து எழுந்த இதழ், இப்போது மத்தியில் ஆள்பவர்களின் எண்ணத்துக்கு அருகில் நிற்கிறது. மாநில ஆட்சியை எதிர்க்கும்போது பழைய வேகம் தெரிகிறது. டெல்லியைப் பற்றி எழுதும்போது அந்தக் குறுக்கு விசாரணை காணவில்லை. பண மதிப்பிழப்பு 2016 நவம்பரில் வந்தபோது நம் ஊர்ச் சந்தையில் சில்லறை இல்லாமல் வியாபாரம் முடங்கியது. ரொக்கத்தில் பிழைக்கும் சிறுவணிகருக்காக வாதாட இதைவிடப் பொருத்தமான இதழ் இருந்திருக்க முடியாது. வணிகரின் பக்கம் நின்று அரசைக் கேள்வி கேட்பதற்கென்றே பிறந்த மரபு அல்லவா அது! துக்ளக்கின் புதிய தலைமையோ அந்த நடவடிக்கையின் ஆதரவாளர்.

பழைய துக்ளக் இதழ்களை வைத்திருக்கும் வீடுகள் இந்தப் பக்கத்தில் இன்னும் இருக்கக்கூடும். பெரிய வீடுகள் விற்கப்படும்போது தேக்குத் தூணுக்கும் பெல்ஜியம் கண்ணாடிக்கும் விலை பேசப்படுகிறது. தாள்கள் எடைக்குப் போகின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வாழ்நாள் முழுதும் சேர்த்த தொகுப்பு இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. புதுக்கோட்டையில் ஞானாலயா நூலகம் இருக்கிறது. நெருக்கடி நிலைக்கால இதழ்களோ, போஸ்ட் மார்ட்டம் வந்த ஆண்டுகளின் இதழ்களோ உங்கள் பரணில் இருந்தால், எடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் இந்த இரு நூலகங்களில் ஒன்றுக்கு எழுதுங்கள்.

(தொடரும்)